ஸ்டார்ட்டர் பொங்குது, பிரெட் மட்டும் தட்டையா வருது – எங்கே கோளாறு?

மாவுக்கை:
கடை ஈஸ்ட்டுக்குப் பதிலா பிரெட்டைப் பொங்க வைக்க, மாவும் தண்ணியும் கலந்து புளிக்க வெச்ச ஸ்டார்ட்டர் வளர்க்கறேன். தினமும் காலையில ஒரு தடவை அதுக்குத் தீனி போடறேன்: 50 கிராம் ஸ்டார்ட்டர், 50 மாவு, 50 தண்ணீர். 4 மணி நேரத்துல இரட்டிப்பாகுது, சாயங்காலத்துக்குள்ள அமுங்கிடுது. மறுநாள் மேலே சாம்பல் நிறத்துல தண்ணி மிதக்குது. மூடியைத் திறந்தா நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. சமையலறை 30 டிகிரி இருக்கும்.

பிரெட்டுக்கு 400 மைதா, 100 கோதுமை மாவு, 375 தண்ணீர், 100 ஸ்டார்ட்டர், 10 உப்பு. ராத்திரி பிசைஞ்சு மூடி வைக்கிறேன். காலையில நிறைய பொங்கியிருக்கு, ஆனா கையில எடுத்தா அறுந்து அறுந்து ஒட்டுது. ஓவன்ல வெச்சதும் பக்கவாட்டுல பரவிடுது, உள்ளே பிசுபிசுன்னு ஈரம். ஸ்டார்ட்டர் செத்துப்போச்சா?

கரண்டி:
அந்த வாடை வந்தாலே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கொட்டிட்டு புதுசா ஆரம்பிங்க.

நொதி:
கொட்டாதீங்க! 4 மணி நேரத்துல இரட்டிப்பாகிற ஸ்டார்ட்டர் எப்படிங்க செத்ததா இருக்கும்? அது பட்டினி கிடக்குது, அவ்வளவுதான். மேலே மிதக்கிறது ஆல்கஹால் கலந்த தண்ணி, வாடையும் பசியால வர்றதுதான். ரோஸ் நிறமோ ஆரஞ்சு நிறமோ கோடு விட்டாலும், பூஞ்சை பூத்தாலும் மட்டும் யோசிக்காம குப்பைக்குப் போகணும்.

30 டிகிரியில 50:50:50 தீனி அரை நாளைக்கே காணாது. மீதி நேரமெல்லாம் அமிலம்தான் ஏறிக்கிட்டே போகும். அமிலம் ஏற ஏற மாவிலேயே இருக்கிற புரதத்தை அறுக்கிற என்சைம்கள் சுறுசுறுப்பாகும், மாவுக்கு இழுவை தர்ற குளூட்டன்ங்கிற புரத வலை அறுபடும். அப்படிப்பட்ட ஸ்டார்ட்டரை 100 கிராம் போட்டு, அதே சூட்டுல ராத்திரி முழுக்க விட்டா வலை என்ன ஆகும்? நீங்க சொல்ற ‘அறுந்து அறுந்து’ அதுதான்.

10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 மாவு, 50 தண்ணீர்னு மாத்துங்க, காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு மூணு நாள்ல வாடை போயிடும். ஜாடியில ரப்பர் பேண்ட் போட்டு மட்டத்தைக் குறிச்சுக்கோங்க. உச்சிக்கு ஏறி, மேல்பக்கம் குமிழா இருக்கும்போதே பிரெட்டுல சேர்க்கணும். நடு பள்ளமாச்சுன்னா நேரம் தாண்டிடுச்சு.

பிரெட் மாவை ராத்திரி வெளியே விடாதீங்க. பகல்ல பிசைஞ்சு, பக்கத்துலயே இருந்து பாருங்க. கடிகாரத்தை நம்பாதீங்க. பிசைஞ்சதுல ஒரு உருண்டையைக் கிள்ளி, நேர்ச்சுவர் உள்ள சின்ன கிளாஸ்ல அமுக்கி, கோடு போட்டு மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துலயே வைங்க. கோட்டுக்கு மேல பாதி அளவு ஏறினதும் உருட்டி ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்க. இரட்டிப்பாகக் காத்திருந்தா திரும்பவும் பரவும்.

மைதாவுல புரதம் கம்மின்னா மாவு எடையில 75 சதவீத தண்ணியைத் தாங்காது. 375-க்குப் பதிலா 325 தண்ணி போட்டுப் பாருங்க.

கரண்டி:
ஸ்டார்ட்டர் தயாரான்னு தெரிய, தண்ணியில அதுல ஒரு சொட்டு போட்டு மிதக்குதான்னு பார்த்தா போதாதா?

நொதி:
எனக்கு அந்தச் சோதனையில நம்பிக்கை இல்ல. முழுத்தானிய மாவு ஸ்டார்ட்டர் தயாரா இருந்தும் மூழ்கும். கரண்டியால கிளறிட்டாலும் வாயு போயிடும், மூழ்கும்.

மாவுக்கை:
ரொம்ப நன்றிங்க. வாடை போயிடுச்சு, இப்போ புளிப்பு மணம் மட்டும்தான். பிரெட்டும் மேலே எழும்புது, கீறின இடம் பிளந்து வருது. ஆனா நடுவுல இன்னும் லேசா ஒட்டுது. மூடின இரும்புப் பாத்திரத்துல 230 டிகிரி, 30 நிமிஷம். வெளியே எடுத்ததும் வெட்டிடறேன்.

அடுப்படி:
ரெண்டு விஷயம். மூடியோட 20 நிமிஷம், அப்புறம் மூடியை எடுத்துட்டு இன்னும் 20–25. தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க, நடுவுல 96–98 டிகிரி வரணும். அப்புறம் கம்பித்தட்டுல குறைஞ்சது 2 மணி நேரம் ஆற விடுங்க. ஸ்டார்ச் இறுகறதே ஆறும்போதுதான். சூடா வெட்டினா நல்லா வெந்த பிரெட்டும் கத்தியில ஒட்டும். வாசனைக்கு மத்தியில காத்திருக்கறது கொடுமைதான், புரியுது.

மாவுக்கை:
சரிங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் சுடறேன், தினம் ரெண்டு வேளை தீனி கட்டுப்படியாகல. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

நொதி:
தாராளமா. தீனி போட்டு ஒரு மணி நேரம் வெளியே வெச்சுட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, வாரம் ஒரு தடவை தீனி போதும். சுடறதுக்கு முந்தின நாள் வெளியே எடுத்து ரெண்டு தீனி போட்டா தெளிஞ்சிடும். கூடவே கொஞ்சம் ஸ்டார்ட்டரை பேக்கிங் தாள்ல மெல்லிசா தடவி, காய வெச்சு, நொறுக்கி டப்பாவுல போட்டு வைங்க. ஜாடி உடைஞ்சாலும் அதுல தண்ணியும் மாவும் சேர்த்து திரும்ப எழுப்பிக்கலாம்.