சூம் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறக்கிறார்கள் இல்லை

கல்வியியற் கல்லூரியில் 2 வருடம் முடித்து, இப்போது 3ஆம் வருடப் பயிற்சிக்கு மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் நிற்கிறேன். வெள்ளத்தால் பாடசாலை மூடினதில் தரம் 7 கணிதத்தை சூமில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். 32 பேரில் வந்தது 9 பேர், அதில் ஒருவரின் பெயர் 'சாம்சங்' (யாரென்று இன்னும் தெரியாது). ‘விளங்குதா?’ என்று கேட்டால் யாரோ வீட்டுச் சேவல் மட்டும் கூவுது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தங்கச்சி, 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினபோது நாங்களும் இப்படித்தான் முழித்தோம். போன் தகப்பனோடு வயலுக்குப் போயிரும், மறுகா பிள்ளை எங்கே வகுப்புக்கு வாறது? 3 நிமிடக் குரல்பதிவை வட்ஸ்அப்பில் போடுங்க, இரவு 7 மணிக்குப் பிறகு கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்க. டேட்டாவும் மிச்சம்.

மறுமொழி 2:
‘விளங்குதா’ என்று கேட்கிறதை முதலில் விடுங்க, அதற்கு எந்தப் பிள்ளையும் ‘இல்லை’ என்று சொல்லாது. 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொல்லுங்க. பாதிப்பேர் மேலேயும் கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள், பாடம் அங்கேதான் தொடங்குது. ஒரு ரொட்டியை 6 துண்டாக வெட்டிக் கமராவுக்கு முன்னால் வையுங்க: பாதிக்கு 3, மூன்றிலொன்றுக்கு 2.

கேட்டவர்:
ரொட்டி வேலை செய்தது அண்ணா! 5/6 என்று முதலில் எழுதினது அந்தச் 'சாம்சங்'. பெயரைக் கேட்க முதல் லைன் போயிற்று.