மறு: ரிவர்ஸ் டனல் - "தலைகீழ் சுரங்கம்" வேண்டாமே

> ரிவர்ஸ் டனலுக்கு "தலைகீழ் சுரங்கம்" போதும், எல்லாருக்கும் புரியுது

எனக்கு புரியலீங்க. டனல்னா ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல இணையம் வழியா போடற தனி வழி; உள்ள இருக்கற கம்ப்யூட்டரே வெளிய போய் அதை திறந்து வச்சா ரிவர்ஸ் டனல். அதுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கறதுதான் இங்க பேச்சு. வீட்ல தினமும் இதைத்தான் ஓட்டிட்டு இருக்கேன், அதுல தலைகீழா எதுவுமே இல்ல.

பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு டிஸ்க் மாட்டி கோப்பு வழங்கி ஒண்ணு போட்டேன், வெளிய இருந்தும் எடுக்கலாம்னு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு (வெளிய இருந்து வர்ற இணைப்பை உள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு திருப்பி விடறது) எல்லாம் பண்ணியும் ஒண்ணும் வரல, அரை நாள் ஃபயர்வாலை திட்டிட்டு கடைசியில ரவுட்டரோட வெளி ஐபி முகவரியை பாத்தா 100.72-ன்னு ஆரம்பிக்குது. அட கொடுமையே! 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் 2012-லயே சிஜிநாட்டுக்குன்னு (இணைய நிறுவனம் தன் பக்கம் வைக்கற நாட், முகவரி மாத்தற பெட்டி) ஒதுக்கின முகவரிங்க, அதாவது ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி பல வீடு. வெளிய இருந்து தட்டினா யார் வீட்டுக்குன்னு அந்த நாட் பெட்டிக்கே தெரியாது.

ஆனா உள்ள இருந்து வெளிய போனா பெரும்பாலும் விட்டுடுது. அதனால வீட்டு வழங்கியே முதல்ல போய், வெளிய வாடகைக்கு எடுத்த குட்டி சர்வரோட வயர்கார்டுங்கற டனல் மென்பொருள்ல இணைப்பு போட்டுக்குது, நான் குட்டி சர்வரை தட்டினா அதே வழியில உள்ள வந்துடுவேன். 25 விநாடிக்கு ஒருதரம் சும்மா ஒரு பாக்கெட் (சின்ன தரவுப் பொட்டலம்) போய்ட்டே இருக்கணும், இல்லன்னா நாட் அந்த வழியை மறந்துடும்.

ஆக விஷயம் திசை இல்ல, வழியை திறந்தது யாருங்கறதுதான். பேர்ல அது தெரியணும். இன்னொருத்தர் சொன்ன "எதிர்ச்சுரங்கம்" கோட்டை முற்றுகைக்கு குழி தோண்டற மாதிரி இருக்கு. சுரங்கம்னாலே நிலக்கரிதான் ஞாபகம் வருது வேற.

டனலுக்கு "சுருங்கை" வச்சா என்ன? சிலப்பதிகாரத்துல மதுரை அகழிகிட்ட யானைக்கூட்டம் போற மறைவழிக்கு அதான் பேரு. யானையே போகுதுன்னா நம்ம பாக்கெட் போகாதா!

முதல்ல "உள்திறப்புச் சுருங்கை"ன்னு எழுதி வச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, புணர்ச்சி விதி பாக்கறவங்க அதை "உட்டிறப்பு" ஆக்கிடுவாங்க, அப்புறம் ஒருத்தரும் வாய்ல நுழைக்க மாட்டாங்க. அதனால என் ஓட்டு "அகத்திறப்புச் சுருங்கை"க்கு. நீளம்தான், பேச்சுல நானும் டனல்னுதான் சொல்வேன், ஆனா கையேட்ல எழுத இது தாங்கும்.

போர்ட்டுக்கு மட்டும் தயவுசெஞ்சு "துறை"யோட நிறுத்திக்கோங்க. ஒரு ரவுட்டர் மெனுல போர்ட் ஃபார்வர்டை "துறைமுகம் அனுப்புதல்"னு பாத்து கப்பல் கம்பெனி செட்டிங்ஸ்க்குள்ள வந்துட்டேனோன்னு நினைச்சேன்.