பெடல் அசிஸ்ட் (மிதித்தால் மோட்டார் உதவும்) சைக்கிளுக்கு த்ராட்டில் (மிதிக்காமலே கையால் மோட்டாரை ஓட்டும் பிடி) போட்டவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்த பிறகு எனக்கு சைக்கிளில் ஒரே ஒரு தொல்லைதான்: நின்ற இடத்திலிருந்து கிளம்புவது. என்னுடையது பின்சக்கர ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி. பெடல் அச்சில் காந்த வளையம் இருக்கிறது. கொஞ்சமாவது மிதித்துச் சுற்றினால்தான் மோட்டார் கண் விழிக்கும். அதற்குள் முழங்கால் அழுதுவிடும். மேட்டில் கேட்கவே வேண்டாம்.

கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தால் மூன்று ஒயர் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டர் வைத்தேன், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.9 வோல்ட். சரி, த்ராட்டில் கனெக்டர் இதுதான் என்று தெரிந்துவிட்டது. த்ராட்டிலுக்குள் இருப்பது ஒரு காந்தமும், அது நகர்வதை உணரும் ஹால் சென்சாரும்தான். திருகத் திருக, சிக்னல் ஒயரில் 0.8 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் பக்கம் ஏறும். அதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. ஆனால் கனெக்டர் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். நான் வாங்கியதில் சிவப்பு வரவேண்டிய இடத்தில் பச்சை இருந்தது. பின்களைக் கழற்றி இடம் மாற்றிய பிறகே செருகினேன்.

மாட்டியது முறுக்கும் பிடி. நான்கு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் பவரை அணைக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தப் பார்த்தேன். கை சற்றே திரும்பியது, வண்டி சுவரில் ஏறப் பார்த்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்தால் பிடி இன்னும் திரும்புகிறது! இடது கை தானாக பிரேக்கை அழுத்தியது. லீவரில் கட்-ஆஃப் சுவிட்ச் (பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்துவது) கிடையாது, அதனால் மோட்டாரும் பிரேக்கும் மல்லுக்கட்டின. முன் மட்கார்டு போச்சு. மறுநாளே முறுக்கும் பிடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் தள்ளும் வகையைப் போட்டேன். இரண்டு பிரேக் லீவருக்கும் கட்-ஆஃப் வைத்தேன். அதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும்.

—

சார், உங்களுக்காவது கனெக்டர் தொங்கியது. என்னுடையது போஷ் மிட் டிரைவ், அதாவது மோட்டார் பெடல் அச்சருகே இருக்கும். மிதிக்கும் அழுத்தத்தை டார்க் சென்சார் அளந்து, அதற்கேற்ப மோட்டார் உதவும். த்ராட்டிலுக்கு வாசலே இல்லை. ஷிமானோ மோட்டார் வைத்திருக்கும் நண்பருக்கும் இதே பதில்தான். பெடல் மிதிப்பது போல சென்சாரை ஏமாற்றும் வித்தையெல்லாம் யோசித்தேன், வாரண்டியை நினைத்து விட்டுவிட்டேன். சாதா சைக்கிளில் மாட்டும் பஃபாங் பிபிஎஸ்02 மாதிரி மோட்டார் கிட் என்றால் த்ராட்டில் கனெக்டர் கூடவே வரும். வாங்கும்போதே பார்க்காதது என் தப்பு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிதித்தால் மட்டும், மணிக்கு 25 கி.மீ. வரை உதவும் 250 வாட் வண்டிதான் சைக்கிள் கணக்கு. மிதிக்காமலே மோட்டாரில் ஓடினால் வேறு வகை வாகனமாகிவிடும், தள்ளி நடக்க உதவும் மணிக்கு 6 கி.மீ. வேகம் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் த்ராட்டில் வைத்தால் இரண்டாம் வகுப்பு, மணிக்கு 20 மைல் வரை.

—

எனக்கு ஒயர்தான் வேலை காட்டியது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் த்ராட்டில் ஒயரை பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தேன். மாதக்கணக்கில் மடங்கி மடங்கி கறுப்பு ஒயர் உள்ளேயே அறுந்துவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்புதான் தரை இணைப்பு (கிரவுண்ட்), அது போனால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். நல்ல கன்ட்ரோலர் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும், என்னுடையது அப்படித்தான் நடுரோட்டில் நின்றது. அந்தச் சோதனை இல்லாத கன்ட்ரோலர் அதை முழு வேகம் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் மட்கார்டோடு போகாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஒயர் தளர்வாக வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு டை போடுங்கள்.

—

முதலில் எழுதியவன்தான். டை விஷயம் படித்ததும் போய்ப் பார்த்தேன், என்னுடையதும் இறுக்கம்தான், வெட்டிவிட்டேன். பேட்டரி எப்படி என்று கேட்பீர்கள்: மிதித்தால் 50 கி.மீ. வந்தது, த்ராட்டிலில் மட்டும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன், 28-இல் படுத்துவிட்டது. இப்போது கிளம்பும்போது மூன்று, நான்கு விநாடி மட்டும் அழுத்துகிறேன், பிறகு மிதிதான். முழங்காலுக்கு அதுவே போதும்.