சோகோலாஃபின் மேற்கோள் கணக்கு: எதை எண்ணுவது, எதை விடுவது? (நூலகன், கீற்று, அடிக்குறிப்பு, ஹெக்சோ என்ற நால்வரின் பேச்சு)

நூலகன்:
மூளை செலவழிக்கும் குளுக்கோஸை இடம்வாரியாக அளக்க டிஆக்ஸிகுளுக்கோஸ் (குளுக்கோஸ் போலவே இருக்கும் ஒரு சர்க்கரை) முறையைத் தந்த லூயிஸ் சோகோலாஃபின் (1921–2015) கட்டுரைப் பட்டியலும் எச்-இண்டெக்ஸும் (குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் இருந்தால் அந்த எண்) வேண்டும். மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெடில் ‘சோகோலாஃப் எல்’ என்று போட்டால் குருத்தெலும்பும் மூட்டுத் தேய்மானமுமாகக் கொட்டுகிறது. அவர் வேலை பார்த்த என்ஐஹெச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) இருக்கும் பெதஸ்டா என்று ஊரை வைத்து வடிகட்டியும் சரிப்படவில்லை. இன்னொரு சந்தேகம்: அந்த முறையிலிருந்து வந்த எஃப்டிஜி பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி எடுக்கும் படம்) இன்று பெரிய ஊர்களில் சர்வ சாதாரணம். அந்த அளவுக்கு மேற்கோள் காணோமே, ஏன்?

கீற்று:
அது இரண்டு பேர். மூட்டுக்காரர் லியோன் சோகோலாஃப், நோய்க்கூறியலாளர். அவரும் அதே என்ஐஹெச்சில் பல வருடம் இருந்தவர், அதனால் ஊர் வடிகட்டி உதவாது. தவிர, பப்மெடில் ஆசிரியரின் முழுப்பெயர் 2002 முதல்தான். நிறுவன முகவரி 1988 முதல், அதுவும் 2014 வரை முதல் ஆசிரியருக்கு மட்டும். பழைய கட்டுரைகளில் வடிகட்டப் பிடியே கிடையாது.

ஆசிரியர் பெயரோடு மூளை, டிஆக்ஸிகுளுக்கோஸ் சொற்களைச் சேர்த்து ஒரு பட்டியல் எடுங்கள். குருத்தெலும்பு, ஆர்த்ரைட்டிஸ் சேர்த்து இன்னொன்று. இரண்டிலும் விழாத மிச்சத்தைக் கையால்தான் பிரிக்க வேண்டும். கூட்டாசிரியராக கீட்டி, கென்னடி, ரைவிச் இருந்தால் லூயிஸ். தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) வந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! தைராக்ஸின் புரதத் தொகுப்பை எப்படிக் கூட்டுகிறது என்று எலியின் ஈரலில் பார்த்தவரும் லூயிஸ்தான். தலைப்பில் மூளை என்ற சொல்லே இருக்காது.

அடிக்குறிப்பு:
முதல் ஆசிரியரை மட்டும் எண்ணினால் பாதிக் கதை போய்விடும். டிஆக்ஸிகுளுக்கோஸ் முறையின் 1977 மூலக்கட்டுரையில் அவர் முதல் பெயர். 1975 சயன்ஸ் கட்டுரையில் கென்னடி முதலில், மனிதரில் எஃப்டிஜி கொண்டு அளந்த 1979 சர்க்குலேஷன் ரிசர்ச் கட்டுரையில் ரைவிச் முதலில். இரண்டிலும் சோகோலாஃப் கடைசி.

1977 கட்டுரையைத் தலைப்பை வைத்துத் தேட வேண்டாம். தலைப்பிலேயே கதிரியக்கக் கார்பன்-14 சதுர அடைப்புக்குள் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுவதால் ஒரே கட்டுரை நாலைந்து பதிவாக உடையும். ஜர்னல் ஆஃப் நியூரோகெமிஸ்ட்ரி, தொகுதி 28, பக்கம் 897 என்று தேடி, உடைந்தவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாமல் எச்-இண்டெக்ஸ் போட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஹெக்சோ:
இரண்டாவது கேள்விக்கு: முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. டிஆக்ஸிகுளுக்கோஸ் குளுக்கோஸ் போகும் அதே வாசல் வழியே செல்லுக்குள் போகும், ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதில் பாஸ்பேட்டும் ஒட்டும். இரண்டாம் கார்பனில் ஆக்ஸிஜன் இல்லாததால் அடுத்த நொதி அதைத் தொட முடியாது. அங்கேயே சிக்கி நிற்கும். எலியில் ஊசி போட்டு 45 நிமிடம் தமனி ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்து, பிறகு மூளையை உறையவைத்து, சீவி, எக்ஸ்ரே ஃபிலிமில் வைப்பார்கள். அதே இரண்டாம் கார்பனில் ஃப்ளோரின்-18 வைத்தால் எஃப்டிஜி. அரை ஆயுள் 110 நிமிடம்.

ஆஸ்பத்திரியில் யாரும் தமனி ரத்தம் எடுப்பதில்லை. படத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், அல்லது எஸ்யுவி (ஏற்றிய மருந்தளவையும் உடல் எடையையும் வைத்துச் சரிக்கட்டிய உறிஞ்சல் அளவு) எண்ணைப் படிப்பார்கள். 1977 கட்டுரையின் சமன்பாடு தேவைப்படாதபோது அதை எவர் மேற்கோள் காட்டுவார்? நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோமோல் என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் லம்ப்டு கான்ஸ்டன்ட் (டிஆக்ஸிகுளுக்கோஸ் அளவைக் குளுக்கோஸ் அளவாக மாற்றும் எண்) வேண்டும், எலிக்கு 0.483. ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கினால் அந்த எண்ணே ஏறிவிடும். அதைத் திருத்தாமல் போட்ட கணக்கும் உண்டு.

மேற்கோளெல்லாம் பாராட்டும் இல்லை. சிக்கிய பாஸ்பேட் கழன்று வெளியேறுகிறது என்று 1978ல் ஹாக்கின்ஸும் மில்லரும் எழுதப்போய், 80கள் முழுக்க அந்தச் சண்டை. எனவே 1978–90 மேற்கோள்களை மட்டுமாவது எடுத்து ‘பயன்படுத்தியது, திருத்தியது, மறுத்தது’ என்று கையால் குறியுங்கள். நூறு கட்டுரை போதும்.

நூலகன்:
தைராக்ஸின் கட்டுரைகளை நீக்கித்தான் வைத்திருந்தேன். திரும்பச் சேர்க்கிறேன்.