பவித்ராவின் ஜெர்மனி பயணம் – மும்பை செம்பூர் வீடு (குடும்பக் குழு)

26 செப்டம்பர் 2025, வெள்ளி

செல்வி அத்தை, மாலை 6:10
அண்ணே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? நவராத்திரிக் கூட்டம். குர்லா பக்கம் இப்போதே வண்டி நகரவில்லையாம்.

அப்பா, 6:14
விமானம் இரவு 2:50க்குத்தான். எட்டரைக்குக் கிளம்புகிறோம். வழியில் நின்றாலும் சரியாக இருக்கும்.

கார்த்திக் அண்ணன், 6:21
பவி, பெட்டியைப் பூட்டும் முன் ஒரு தடவை பார்த்துவிடு. பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், செலவுக்குப் பணம் போட்டிருக்கும் பிளாக்டு அக்கவுன்ட் தாள், இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். பிராங்பர்ட்டில் இமிக்ரேஷன் முடிந்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும். பவர் பேங்கும் தோள்பையில்தான்.

பவித்ரா, 6:25
எல்லாம் நீல ஃபைலில் இருக்கிறது அண்ணா. ஜெராக்ஸும் தனியாக வைத்திருக்கிறேன்.

அம்மா, 6:31
குக்கருக்குள் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்பொடி வைத்து, சந்தில் எல்லாம் துவரம்பருப்பைப் போட்டு நிரப்பிவிட்டேன். இரண்டு பெட்டியும் 23 கிலோவுக்குள்தான் இருக்கிறது. செல்வி கொடுத்த பால்கோவா மேலேயே இருக்கிறது.

கார்த்திக் அண்ணன், 6:33
சித்தி, பால்கோவா வேண்டாம். நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. சுங்கத்தில் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடிகள் இருக்கட்டும்.

செல்வி அத்தை, 6:36
சரி, போகும்போது வண்டியில் ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லுங்கள் மதினி. அவளுக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்தேன்.

அப்பா, 6:50
பவி, போகிற முகவரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வை. கார்த்திக் நம்பரும் அதிலேயே இருக்கட்டும். நான் அம்பையிலிருந்து பம்பாய் வந்து வி.டி. ஸ்டேஷனில் இறங்கியபோது எனக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. தாளைக் காட்டித்தான் தாராவி வந்து சேர்ந்தேன். போன் அணைந்து போகலாம். தாள் அணையாது.

பவித்ரா, 6:52
எழுதிவிட்டேன் அப்பா.

தம்பி விக்னேஷ், இரவு 10:40
உள்ளே போய்விட்டாள். டிக்கெட் இருப்பவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். நாங்கள் டெர்மினல் 2 வாசலில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அம்மா நகர மாட்டேன் என்கிறாள்.

அம்மா, 10:44
பெட்டியைப் போட்டு முடிக்கும் வரை நிற்கிறேன். எடை கூடியது என்று சொன்னால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?

பவித்ரா, 11:20
போட்டாயிற்று அம்மா. எடை சரி. வீட்டுக்குப் போங்கள், ஆச்சி தனியாக இருக்கும்.

பவித்ரா, 11:58
இமிக்ரேஷன் முடிந்தது. என்ன படிப்பு, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டார். ஆஹனில் எம்.எஸ்., வங்கிக் கடன் என்றேன். முத்திரை குத்திவிட்டார்.

27 செப்டம்பர் 2025, சனி

பவித்ரா, அதிகாலை 2:41
உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் பக்கம். போனை அணைக்கச் சொல்கிறார்கள்.

அப்பா, 2:41
போய் வா மகளே.

அம்மா, காலை 9:15
இப்போது எங்கே பறக்கும்?

அம்மா, 9:50
சாப்பாடு கொடுத்திருப்பார்களா?

முருகன் சித்தப்பா, 9:55
மதினி, ஒன்பது மணி நேரப் பயணம். கண்டிப்பாகக் கொடுப்பார்கள். நம் கணக்கில் பன்னிரண்டு மணி வாக்கில் இறங்குவாள். நமக்கும் அவர்களுக்கும் இப்போது மூன்றரை மணி நேரம் வித்தியாசம்.

பவித்ரா, மதியம் 12:02
இறங்கிவிட்டேன்!!! இங்கே காலை 8:32. வெளியே ஒரே பனிமூட்டம்.

பவித்ரா, 1:16
இமிக்ரேஷனில் சேர்க்கைக் கடிதமும் பிளாக்டு அக்கவுன்ட் தாளும் கேட்டார்கள், பையிலிருந்து உடனே எடுத்துக் கொடுத்தேன். பெட்டி இரண்டும் வந்துவிட்டது. இனி ரயில்.

கார்த்திக் அண்ணன், 1:18
டெர்மினல் 1இலிருந்து 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்று எழுதிய பலகையைப் பின்தொடர்ந்து நட. தொலைதூர ரயில் எல்லாம் அங்கேதான். டிக்கெட்டில் ரயில் பெட்டி எண் இருக்கும். அந்த ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று பிளாட்பாரத் திரையில் காட்டுவார்கள். அந்த எழுத்துக்குக் கீழே போய் நில். கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாறும், திரையிலிருந்து கண்ணை எடுக்காதே.

செல்வி அத்தை, 1:20
ரயில் எத்தனை நிமிடம் நிற்கும்? இரண்டு பெட்டியையும் எப்படி ஏற்றுவாள்?

அம்மா, 1:21
பவி, லொகேஷன் அனுப்பு. ரயில் எண் அனுப்பு. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்.

அப்பா, 1:24
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். அவள் ஒரு கையில் பெட்டியையும் ஒரு கையில் போனையும் வைத்துக்கொண்டு நம் எல்லோருக்கும் பதில் சொல்ல முடியாது. அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்வோம்.

பவித்ரா, 2:48
ரயிலில் இருக்கிறேன். 300 கிலோமீட்டர் வேகம் என்று திரையில் காட்டுகிறது, குலுங்கவே இல்லை. பெட்டியை ஏற்ற ஒருவர் நான் கேட்காமலே கை கொடுத்தார்.

பவித்ரா, 3:41
புகைப்படம்
கொலோன் ஸ்டேஷன் வாசலில் நின்று எடுத்தது. கொலோன் கதீட்ரல் கோயில் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆஹன் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சார்ஜ் 9%.

தம்பி விக்னேஷ், 3:45
157 மீட்டர் உயரம். 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்களாம்.

அம்மா, 4:40
ஆஹன் வந்துவிட்டாயா?

அம்மா, 5:25
பவி?

செல்வி அத்தை, 5:27
மதினி, சார்ஜ் தீர்ந்திருக்கும்.

தம்பி விக்னேஷ், 5:40
ஆச்சி விளக்கேற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறது. "ரயிலில்தான் வருகிறாள், நல்லபடியாகச் சேருவாள்" என்று எல்லோருக்கும் சொல்லச் சொல்லுது.

கார்த்திக் அண்ணன், 5:44
சித்தி, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மாஸ்டர் சனி, ஞாயிறு இருக்க மாட்டார் என்பதால், அவளுக்காக நேற்றே சாவி வாங்கி வைத்திருக்கும் பெண்ணிடம் பேசினேன். விடுதி வாசலிலேயே நிற்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண், இறுதி ஆண்டு.

பவித்ரா, 6:12
அம்மா, அறையில் இருக்கிறேன். சார்ஜில் போட்டதும் எழுதுகிறேன்.
கொலோனில் ரயில் ஏறியதும் போன் அணைந்துவிட்டது, பவர் பேங்கும் காலி. ஆஹனில் இறங்கி வெளியே வந்தால் எந்தப் பேருந்து என்று தெரியவில்லை. அப்பா எழுதச் சொன்ன தாளை எடுத்து, நிறுத்தத்தில் இருந்த ஒரு பாட்டியிடம் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை, எனக்கு ஏ2 ஜெர்மன், அடிப்படை மட்டும்தான். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். தெருப் பெயரின் கீழே விரலை ஓட்டிவிட்டு, நானும் அங்கேதான் போகிறேன், நீயும் வா என்பதுபோல் கையைக் காட்டினார். அவருடைய பேருந்தே அதுதான். எனக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்து "இன்னும் இல்லை" என்று தலையாட்டினார். என் இடம் வந்ததும் அவரே ஸ்டாப் பொத்தானை அழுத்தி, ஒரு பெட்டியைக் கதவு வரை இழுத்துக் கொடுத்தார். டாங்கே, நன்றி என்று சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையசைத்தார். அம்மா, அங்கே நின்று அழுதுவிட்டேன். பயத்தினால் இல்லை.

அம்மா, 6:15
அந்த அம்மா நல்லா இருக்கணும்.

அப்பா, 6:16
நல்லா இருப்பார்.

பவித்ரா, 6:19
அறை சின்னதுதான், ஜன்னல் பெரியது. கட்டிலில் மெத்தை மட்டும் இருக்கிறது. தலையணை, விரிப்பு எதுவும் இல்லை. நீங்கள் வைத்த போர்வையை விரித்துவிட்டேன்.

கார்த்திக் அண்ணன், 6:22
படுத்துவிடாதே. இன்றைக்கே கடைக்குப் போ. நாளை ஞாயிறு, இங்கே கடை எல்லாம் மூடியிருக்கும். அரிசி, வெங்காயம், தக்காளி, பால், ரொட்டி, தலையணை இன்றே வாங்கிவிடு. தண்ணீர் வாங்காதே, குழாயில் வருவதையே குடிக்கலாம். வாங்கின பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதே. 25 சென்ட் டெபாசிட் பிடித்திருப்பார்கள், கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

முருகன் சித்தப்பா, 6:26
கையில் பணம் இருக்கிறதா?

கார்த்திக் அண்ணன், 6:28
பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ போட்டிருக்கிறோம், மாதம் 992 விடுவார்கள். ஆனால் இங்கே கணக்குத் திறந்த பிறகுதான் வரும். அதுவரை ஃபாரெக்ஸ் கார்டு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் பவி. வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாளைத் திங்கட்கிழமை ஹவுஸ்மாஸ்டரிடம் கேட்டு வாங்கு. அது இல்லாமல் எதுவும் நகராது.

பவித்ரா, இரவு 10:05
கடைக்குப் போய் வந்துவிட்டோம். சாவி வைத்திருந்த கோயம்புத்தூர் அக்காவும் வந்தாள். இங்கே அரிசியைச் சின்னச் சின்னப் பையில் போட்டு அப்படியே கொதிக்க வைக்கிற மாதிரி விற்கிறார்கள். நான் துருக்கிக் கடையில் ஐந்து கிலோ மூட்டையாக வாங்கினேன். பொது அடுப்படியில் குக்கர் வைத்திருக்கிறேன்.

அம்மா, 10:07
அலுமினிய குக்கர் அந்த அடுப்பில் வேலை செய்கிறதா?

பவித்ரா, 10:08
செய்கிறது. இன்டக்‌ஷன் இல்லை, கண்ணாடி அடுப்பு. சூடாக நேரமாகிறது.

கார்த்திக் அண்ணன், 10:10
தாளிக்கும்போது ஜன்னலைத் திற, அடுப்படிக் கதவை மூடு. வராந்தாவில் புகை அலாரம் இருக்கும்.

தம்பி விக்னேஷ், 10:12
ஆச்சி கேட்குது: "ஏட்டி, எத்தனை விசில் வைத்தாய்?"

பவித்ரா, 10:13
மூன்று ஆச்சி. இட்லிப்பொடி, நல்லெண்ணெய், சுடுசோறு. அக்காவுக்கும் சேர்த்து வைத்தேன். அவளும் இந்தப் பொடி சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்றாம்.

அம்மா, 10:15
அடுத்த தடவை யாராவது வந்தால் அந்தப் பெண்ணுக்கும் தனியாக ஒரு கிலோ கொடுத்து விடுகிறேன். காரம் எப்படி வேண்டும் என்று கேட்டுச் சொல்.

பவித்ரா, 10:16
கேட்கிறேன். நாளை உங்களுக்குப் பதினொன்றரைக்கு வீடியோவில் வருகிறேன். எனக்கு எட்டு மணி.

அம்மா, 10:16
சரிம்மா. சாப்பிட்டுப் படு.