மச்லிக்கு இரை கட்டியது சரியா?

யமுனைக்கரை:
சென்ற வாரம் தில்லியிலிருந்து ராஜஸ்தானின் ரந்தம்போர் புலிகள் காப்பகத்துக்குப் போய் வந்தோம். பதம் தலாவ் ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்திய வழிகாட்டி, 2016 ஆகஸ்ட் 18 அன்று இறந்த மச்லி என்ற புலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கோரைப்பற்கள் விழுந்து பார்வையும் மங்கிய அந்தப் பெண்புலிக்கு வனத்துறையினர் உயிருள்ள இரையைக் கட்டிப்போட்டதை அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு உறுத்தலாக இருந்தது. காட்டுப்புலிக்கு 15 வயதே முதுமை. மச்லி 19 வயதை எட்டியதில் நம் கைக்குப் பெரும் பங்கு உண்டு.

கரோல் பாக் வாசி:
வேட்டையாடி வாழ்ந்த ஆண்டுகளை விட்டுவிட்டீர்களே, ஐயா. 2003இல் முதலையோடு போராடி வென்றபோது யாரும் அதற்கு ஊட்டவில்லை. கள்ளவேட்டையால் 2005 வாக்கில் ஒரு புலிகூட இல்லாமல் போன சரிஸ்கா காப்பகத்துக்கு 2008இல் கொண்டுபோன எஸ்டி-2 என்ற பெண்புலி இதன் மகள்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதைக் காட்டி, ரந்தம்போரை ஒட்டிய சவாய் மாதோபூர் விடுதிகள் பிழைத்தன. பல் விழுந்ததும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்குவது எந்த ஊர் நியாயம்?

யமுனைக்கரை:
நன்றிக்கடன் வேறு, வனப் பாதுகாப்பு வேறு. ஏரிப்பகுதியை மச்லியிடமிருந்து பறித்ததே அதன் மகள் சுந்தரி, அதாவது வனத்துறைக் கணக்கில் டி-17 தான். இளையது வர மூத்தது விலகுவதே காட்டின் ஒழுங்கு. பெயரில்லாத ஒரு கிழப்புலிக்குப் பல் விழுந்தால் யார் இரை கட்டுகிறார்கள்?

நிஜாமுதீன் பயணி:
இடையில் ஒரு வார்த்தை. இறந்த மச்லியை மாலையிட்டு எரித்ததைப் பலர் கேலி செய்கிறார்கள். மாலை நம் விருப்பம். எரிப்பது, தோலும் எலும்பும் சந்தைக்குப் போகாமலிருக்க எந்தப் புலிக்கும் உள்ள நடைமுறை.

கரோல் பாக் வாசி:
ஏரியை இழந்து ஒதுங்கிய பிறகு அது எந்த இளம்புலியின் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கவில்லை. மேலும், மான் துரத்த முடியாத புலி கிராமத்து மாட்டைத்தான் தேடும். மாட்டை இழந்தவர் மிச்ச உடலில் நஞ்சு வைத்தால் குட்டிகளும் சேர்ந்து சாகும். இரை கட்டியது பாசத்தால் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை.

யமுனைக்கரை:
இந்தக் காரணத்தை ஏற்கிறேன். ஆனால் கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவே நொண்டித் திரியும், ஒளிப்படக்காரர் எவரும் தேடி வராத புலிக்கும் இதே காரணம் பொருந்துமே. அதற்கு மாட்டின் இழப்பீட்டை உடனே கொடுப்பது போதும் என்கிறோம். மச்லிக்கு மட்டும் ஏன் அது போதவில்லை?