குதிரையின் மழைப்போர்வை ஒழுகுகிறது: துவைத்து மறுபடி வாட்டர்ப்ரூஃப் செய்யலாமா, புதிதாக வாங்கலாமா?

கழிஞ்சூர் ஜட்கா வீடு:

வணக்கம். காட்பாடி பக்கம் கழிஞ்சூரில் இருக்கிறேன். எங்கள் தாத்தா காட்பாடி ஜங்ஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். வண்டி அவரோடு போயிற்று. குதிரை மட்டும் ஏதாவது ஒன்று எங்கள் வீட்டில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. இப்போது இருப்பவள் மல்லி. செவலைப் பெட்டை, வயது 16. பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியை மூடியபோது வாங்கி வந்தேன். கூடவே ஒரு பச்சை மழைப்போர்வையும் கொடுத்தார்கள். மார்பில் இரண்டு பக்கிள், வயிற்றுக்கு அடியில் குறுக்கே இரண்டு வார், வால் பக்கம் மறைக்க ஒரு மடிப்பு. நல்ல சாமான்.

மூன்று மழைக்காலம் குறை சொல்ல முடியாதபடி உழைத்தது. போன தை மாதம் எடுத்து வைக்கும் முன் சுத்தமாகத் துவைத்துவிடலாம் என்று நினைத்தேன். தப்பு அங்கேதான் நடந்திருக்க வேண்டும். டிரம்மில் சலவைத்தூள் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கல்லில் விரித்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். குதிரை வாடை போகட்டும் என்று துணிக்கு வாசனை சேர்க்கும் திரவத்தையும் கடைசித் தண்ணீரில் ஊற்றினேன். மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் காய்ந்தது. பிறகு மடித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் போட்டேன். வேலூர்ச் சித்திரை வெயிலில் அந்தப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இந்த ஐப்பசியில் முதல் அடைமழை. சாயங்காலமே போர்த்திவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் உள்ளே கையை விட்டால், முதுகுத்தண்டிலிருந்து இரண்டு விலாவிலும் ஈரம். முடியெல்லாம் எண்ணெய் வைத்து வாரியது போலத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. மல்லி தலையைத் தொங்கப் போட்டு ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். போர்வையை ஒற்றை ஆளாகக் கழற்ற முடியவில்லை, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. நாலு நாள் கழித்து முதுகில் அரிசி அரிசியாகப் பொருக்கு தெரிகிறது.

லாயம் மூன்று பக்கம் சுவர், மேற்கே திறப்பு. தகரக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். அதனால்தான் போர்வையை நம்பி இருக்கிறேன். புதிது வாங்க ஏழாயிரத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு லாரிக்காரர் தார்ப்பாய்க்குப் பூசுகிற மெழுகை இதற்கும் பூசு என்கிறார். அப்பா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு தாத்தா மாதிரி கம்பளியும் மேலே சாக்கும் போடு என்கிறார். பழசைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்றால் எப்படி?

ஆற்காடு தார்ப்பாய் தையல்:

தம்பி, நான் குதிரை வளர்த்ததில்லை. 30 வருடமாக லாரி தார்ப்பாய் தைக்கிறேன், துணி பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மெழுகு பேச்சை விடுங்கள். அது பருத்தி கேன்வாஸுக்கு. பருத்தி நூல் நனைந்தால் உப்பும். உப்பினால் இடுக்கு தானாக அடைபடும், மிச்சத்தை மெழுகு பார்த்துக்கொள்ளும். உங்கள் போர்வை பாலியெஸ்டராகத்தான் இருக்கும். அந்த நூல் உப்பாது. அதில் தண்ணீரை நிறுத்துவது இரண்டு விஷயம். வெளிப்பக்கம் ஒரு மருந்து ஏற்றியிருப்பார்கள், தண்ணீர் விழுந்தால் தாமரை இலையில் போல உருண்டு ஓடும். உள்பக்கம் ரப்பர் போல மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். உண்மையில் தண்ணீரைத் தடுப்பது அந்த உள்பூச்சுதான். வெளிமருந்து போனால் துணி நனைந்து கனக்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். உள்பூச்சு போனால் என்ன தெளித்தும் பயனில்லை. அதன் மேல் மெழுகைப் பூசினால் வேர்வையும் வெளியே போகாது, குதிரை உள்ளேயே அவிந்துபோகும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் மூன்று சோதனை. வெளியே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், உருளுகிறதா, துணி கறுத்து ஊறுகிறதா பாருங்கள். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், மாவு போல உதிர்ந்தாலோ பிசுபிசுவென்று ஒட்டினாலோ பூச்சு செத்துவிட்டது. அப்புறம் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் வருகிறதா பாருங்கள்.

தையலை மறக்காதீர்கள். முதுகுத்தண்டு மேலேயே நீளமாக ஒரு தையல் ஓடினால், ஒழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டைதானே. லாரி தார்ப்பாயிலும் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஏலகிரி மலையிலிருந்து:

தம்பி, நான் ஏலகிரியில் நாலு குதிரை வைத்திருக்கிறேன். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இங்கே மழையும் பனியும் வேறு மாதிரி. போர்வையோடு 12 வருடமாகப் பழக்கம் எனக்கு.

போர்வையைவிட முதலில் முதுகைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் பொருக்கு மழைச்சொறியாக இருக்கலாம். தோல் நாள் கணக்கில் நனைந்தே கிடந்தால் டெர்மடோஃபிலஸ் என்கிற கிருமி கிளம்பும். பொருக்கை எடுத்தால் ஒரு கொத்து முடி அதோடு சேர்ந்து, பெயின்ட் பிரஷ் நுனி மாதிரி வரும். காய்ந்திருக்கும்போது பிய்க்காதீர்கள், குதிரைக்கு வலிக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை முதுகு காய்ந்தே இருக்கட்டும். அவளுக்கு என்று வைத்திருக்கும் பிரஷ்ஷையும் போர்வையையும் வேறு குதிரைக்குத் தொடவிடாதீர்கள், கிருமி அப்படியே தாவும்.

அடுத்தது, வேலூரில் போர்வை எதற்கு என்று யோசியுங்கள். குளிருக்கு வேண்டியதில்லை. நல்ல சதையோடு இருக்கிற குதிரை, உடம்பு உலர்ந்திருந்தால் 5 டிகிரி வரைக்கும் சாதாரணமாகத் தாங்கும். வேலூர் மார்கழியில் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. உங்கள் மல்லிக்கு வயதாகிறது, லாயம் ஒழுகுகிறது, அதனால் விடாமல் பெய்கிற நாளுக்கு மட்டும் வேண்டும். மழை விட்டு வெயில் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஒழுகுகிற போர்வை போடுவதைவிடப் போடாமலே விடுவது நல்லது. குதிரை குளிரும்போது முடியைச் சிலிர்த்து உள்ளே காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஈரப்போர்வை அந்த முடியை அமுக்கிவிடும், ராத்திரி முழுக்க ஈரத்துணி சுற்றிக்கொண்டு நிற்பது போல ஆகும். நீங்கள் ஐந்து மணிக்குக் கையை விட்டுப் பார்த்தது அதுதான்.

உங்கள் துவைப்பில் என்ன கெட்டது என்றால், சலவைத்தூள் வெளிமருந்தின் மேல் படிந்து நின்றுவிடும். அதன் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுப்பது. வாசனைத் திரவம் இன்னும் மோசம், கொழகொழவென்று ஒரு படலம் விட்டுப் போகும். ஆக மருந்து முழுக்கப் போயிருக்க வேண்டும் என்றில்லை, அழுக்குப் படலத்துக்கு அடியில் இன்னும் இருக்கலாம். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசியே என்னுடைய ஒரு போர்வை பாதி பிழைத்தது.

நான் செய்கிற முறை இது. நன்றாகக் காய்ந்த பிறகு முடியையும் சேற்றையும் கெட்டி பிரஷ்ஷால் தள்ளிவிடுவேன். இதில்தான் நேரம் போகும், ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீர், குழாயை மெதுவாகப் பிடித்து. வண்டி கழுவுகிற பிரஷர் மிஷின் வேண்டவே வேண்டாம், உள்பூச்சைப் பெயர்த்துவிடும். சுடுதண்ணீரும் கூடாது. மலையேறுகிறவர்களின் மழைக்கோட்டைக் கழுவவென்றே ஒரு திரவம் விற்கிறது, அதுதான் நல்லது. நிக்வாக்ஸ் கம்பெனி குதிரைப் போர்வைக்கென்றே கழுவும் திரவம் தனியாகவும் நீர்விலக்கி, அதாவது அந்த வெளிமருந்து, தனியாகவும் செய்கிறது. போர்வை ஈரமாக இருக்கும்போதே நீர்விலக்கியைச் சீராக ஏற்றி, நிழலில் காயவிட வேண்டும். ஒட்டுமொத்தமாகச் செலவு புதுப் போர்வையின் விலையில் சிறு பங்குதான்.

உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், அதைவிட நல்லது எதுவும் இல்லை.

கழிஞ்சூர் ஜட்கா வீடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. அக்கா, மருத்துவர் வந்து பார்த்துவிட்டார், நீங்கள் சொன்ன மழைச்சொறிதான். மருந்து கொடுத்திருக்கிறார், பொருக்கு உதிர ஆரம்பித்துவிட்டது.

நேற்று அண்ணன் சொன்னபடி சோதித்தேன். வெளியே ஊற்றிய தண்ணீர் உருளவே இல்லை, ஊறிக் கறுத்தது. உள்பூச்சு பெரும்பாலும் வழவழவென்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் பரணில் மடித்திருந்தேன் இல்லையா, அந்த மடிப்புக் கோட்டில் இடது இடுப்புப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு வெடித்து, தொட்டால் செதிலாக உதிர்கிறது. முதுகுத்தண்டு மேல் தையல் இருக்கிறது. அதன் உள்ளே ஒட்டியிருந்த நாடா பாதிக்கு மேல் பெயர்ந்து தொங்குகிறது. இந்த நிலையில் துவைத்துப் பயனுண்டா?

ஆற்காடு தார்ப்பாய் தையல்:

உண்டு. பூச்சு எல்லா இடத்திலும் உதிர்ந்தால்தான் தூக்கிப் போட வேண்டும். ஒரு சாண் என்றால் ஒட்டுப் போட்டுவிடலாம். பழைய டென்ட்டோ மழைக்கோட்டோ கிடைத்தால் அதில் பூச்சு உள்ள துணியை நாலு விரல் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கிவிட்டு, உள்பக்கம் பசையால் ஒட்டுங்கள். தைக்காதீர்கள், புது ஓட்டை விழும். தையல் மேல் பழைய நாடாவைச் சுத்தமாக உரித்துவிட்டு, தையலுக்கு என்று விற்கிற சீலன்ட்டைப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் உள்ளே இருந்து பூசி, ஒரு நாள் விடுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அழுக்கு போக வேண்டும். அழுக்குத் துணியில் பசை பிடிக்காது. முதலில் கழுவுங்கள், காயவிடுங்கள், பிறகு ஒட்டும் சீலன்ட்டும், கடைசியில் துணியை மறுபடி நனைத்து நீர்விலக்கி. இந்த வரிசை மாறக்கூடாது.

முடிந்ததும் குதிரை மேல் போட்டுச் சோதிக்காதீர்கள். நாலு நாற்காலிக்கு நடுவே தொட்டில் மாதிரி கட்டி, ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கீழே பழைய பேப்பர் விரித்து வைத்தால் எங்கே சொட்டுகிறது என்று அதுவே காட்டும்.

ஏலகிரி மலையிலிருந்து:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொறி ஆறும் வரை போர்வை வேண்டாம். திரும்பப் போடும் முன் அதைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். எது என்று உங்கள் மருத்துவரையே கேளுங்கள், ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் பரணில் வைக்காதீர்கள். அந்தச் சூடும் மடிப்பும்தான் பூச்சை வெடிக்க வைத்திருக்கும். நான் வீட்டுக்குள் ஒரு கழியில் போட்டுத் தொங்கவிடுகிறேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு போன அந்த மழையில் என் போர்வை ஒன்றுகூட ஒழுகவில்லை. அதில் ஒன்று எட்டு வருடப் பழசு.

கழிஞ்சூர் ஜட்கா வீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஆறு முறை அலசினேன். நாலாவது தண்ணீரில்கூட நுரை வந்தது. தையில் போட்ட சலவைத்தூள் அது! ஐந்தாவதில்தான் அடங்கியது. கிருமிநாசினி, ஒட்டு, சீலன்ட், நீர்விலக்கி எல்லாம் சொன்ன வரிசையில் செய்தேன். நாற்காலித் தொட்டிலில் முதல் தடவை பேப்பரில் கடுகளவு இரண்டு புள்ளி விழுந்தது. தையலில் ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. அங்கே இன்னொரு கை பூசினேன். இரண்டாம் தடவை பேப்பர் அப்படியே இருந்தது, தண்ணீர் போர்வை நடுவில் குளம் மாதிரி நின்றது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அடியில் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மல்லிக்கு முதுகில் புது முடி வந்துவிட்டது. முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. ஐந்து மணிக்குப் போய் முதுகில் கையை விட்டேன். முடி நிமிர்ந்து, வெதுவெதுவென்று உலர்ந்திருந்தது. மார்பில் பக்கிள் ஓரமாக மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அது மேற்கிலிருந்து அடித்த சாரல் கழுத்து வழியாக இறங்கியது, போர்வை மேல் குற்றமில்லை. எட்டு மணிக்கு வெயில் வந்ததும் கழற்றிவிட்டேன். ஒற்றை ஆளாகவே.

தகரம் வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூரையை மாற்றுகிறோம், மேற்குத் திறப்பில் பாதிக்கு ஒரு தட்டியும் கட்டப்போகிறோம். அண்ணா, பக்கிள் வார் ஒன்று நூல் விட்டுக் கிழிந்திருக்கிறது. ஆற்காட்டுக்கு எடுத்து வந்தால் தைத்துத் தருவீர்களா?

ஆற்காடு தார்ப்பாய் தையல்:

எடுத்துக்கொண்டு வாங்க தம்பி. போர்வை முழுவதும் வேண்டாம், வாரை மட்டும் கழற்றி எடுத்து வந்தால் போதும்.